மஞ்சள் கேட் வந்தால் இண்டிகேட்டர்

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குக் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் ‘நூத்துக்குநூறு’. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கடை வாசல் போர்டில் ஸ்கூலின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்; ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்பது மட்டும் தெருமுனையிலிருந்தே சிவப்பாகத் தெரியும். அது வெறும் ஜம்பம் என்று யாரும் சொல்ல முடியாது. அவரிடம் வண்டி கற்றவர்கள் லைசன்ஸ் டெஸ்டில் தோற்றதே கிடையாது. கை நடுங்குகிறவர்கள், இடது எது வலது எது என்று யோசித்துச் சொல்கிறவர்கள், பிரேக்கை மிதிக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவர்கள், அத்தனை பேரும் பாஸ்.

இதில் மாயம் மந்திரம் எதுவும் இல்லை. டெஸ்ட் எப்போதும் ஒரே ரூட்டில்தான் நடக்கும். லைசன்ஸ் ஆபீஸ் வாசலில் புறப்பட்டு, பெரிய கடைத்தெருவைச் சுற்றி, மறுபடி அதே வாசலுக்கு வர வேண்டும். அந்த ரூட்டை நம் ஆள் பாட்டாகவே கட்டி வைத்திருந்தார்.

“மஞ்ச கேட் வந்தாச்சா, இடது பக்கம் இண்டிகேட்டர், பல் டாக்டர் போர்டு தெரிஞ்சா ரெண்டாவது கியரு, தபால் பெட்டி தாண்டினதும் கண்ணாடியப் பாரு, சாஞ்ச கம்பம் வந்துட்டா சத்தமில்லாம நில்லு.”

மாணவர்கள் இதை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு உருப்போடுவார்கள். டெஸ்ட் அன்றைக்கு உதடு மட்டும் அசையும். இன்ஸ்பெக்டர் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொள்வார்.

அவருடைய முதல் மாணவி அவர் மனைவிதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு ஃபிரேம் பொருத்தி, காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுப்பதில் அந்தக் கடையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஸ்கூலில் உழைத்து ஓய்ந்த பழைய காரை அவர் அவளுக்கே கொடுத்திருந்தார். வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்குமே, அந்த இரட்டைப் பெடல் வண்டி. அதை அவள் தினமும் பூப்போல ஓட்டிக்கொண்டு போவாள், வருவாள். “பாருங்க, என் பெஸ்ட் ஸ்டூடண்ட்” என்று அவர் கடை வாசலில் நின்று பெருமைப்படுவார். அவள் எந்தெந்தத் தெருவில் ஓட்டுகிறாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

இப்படிப்பட்டவர் பல்கலைக்கழகத்துக்குப் போனதற்குக் காரணம் அவருடைய மைத்துனன். பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறவன். ஒருநாள் பேப்பரை விரித்தபடி வந்தான்.

“மாமா, இதைப் பாத்தீங்களா? டிரைவரே இல்லாம காரு தானா ஓடுதாம். இனிமே உங்ககிட்ட யாரு வருவா? எனக்குக் கவலை இல்லை. யாரு ஓட்டினாலும் டயரு பஞ்சராகும்.”

அவர் சிரித்து வைத்தாரே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள்? விசாரித்ததில் ‘டீப் நியூரல் நெட்வொர்க்’, மூளை நரம்புபோலப் பின்னி, உதாரணம் காட்டக் காட்டத் தானே கற்றுக்கொள்கிற கம்ப்யூட்டர் கணக்கு என்றார்கள். பல்கலைக்கழகத்தில் அதற்கு மாலை வகுப்பு இருக்கிறது, வேலைக்குப் போகிறவர்களும் சேரலாம் என்றார்கள். எதிரியின் வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடுவது என்று சேர்ந்துவிட்டார். இளம் வயதில் கணிதத்தில் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் அந்தக் கணிதம் இத்தனை வருஷமாகப் பரணில் கிடந்தது.

வகுப்பில் எல்லோரும் அவரை ‘அங்கிள்’ என்றார்கள். பேராசிரியர் மட்டும் ‘சார்’ என்றார். நடுத்தர வயதுப் பெண்மணி. கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு மேஜை முழுக்க அதையே தேடுகிறவர். முதல் வாரம் முழுக்க நம்மவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேராசிரியர் பலகையில் அடுக்கடுக்காக வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அடுத்த அடுக்கின் எல்லா வட்டத்துக்கும் கோடு இழுத்தார். அவரும் அதை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் பார்த்த மனைவி, “சல்லடையா?” என்று கேட்டாள்.

பிறகு ஒருநாள் பிழை பின்னோக்கிப் போவதைப் பற்றிப் பாடம் வந்தது. விடை தப்பாக வந்தால் கடைசி அடுக்கு அதற்கு முந்தின அடுக்கைக் குறை சொல்லும். அது அதற்கு முந்தினதைச் சொல்லும். இப்படியே முதல் அடுக்குவரை போகும். எவனெவன் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்குத் திருத்திக்கொள்ள வேண்டும். நம்மவர் கையைத் தூக்கினார்.

“மேடம், இது எங்க வீட்டுல தினம் நடக்கறதுதான். பால் பொங்கி வழிஞ்சா அவ என்னைச் சொல்லுவா, நான் அவ தம்பியைச் சொல்லுவேன், அவன் கேஸ் அடுப்பைச் சொல்லுவான்.”

“சரிதான் சார். ஆனா நெட்வொர்க்குல ஒவ்வொருத்தரும் கொஞ்சம் திருந்துவாங்க.”

“அதுதான் எங்க வீட்டுல இல்ல” என்றார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்ட நெட்வொர்க்கிடம், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாதாம். உள்ளே எண்களாகத்தான் இருக்குமாம். வழி சொல்லத் தெரியாதவனெல்லாம் ஒரு டிரைவரா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அதற்கடுத்த வகுப்பில்தான் இடி விழுந்தது. பாடத்தின் பெயர் ஓவர்ஃபிட்டிங்.

“நெட்வொர்க்குல சில மாடல் இருக்கு. பயிற்சியில காட்டினதை எல்லாம் அப்படியே மனப்பாடம் பண்ணிடும். அதையே திருப்பிக் கேட்டா நூத்துக்கு நூறு. புதுசா ஒண்ணு காட்டினா முழிக்கும். அதுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அர்த்தம்” என்றார் பேராசிரியர்.

‘நூத்துக்கு நூறு’ என்றதும் நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மேடம், டெஸ்டுல பாஸாயிடுதே, அப்புறம் என்ன?”

“டெஸ்டுல வரப்போறதையே பயிற்சியில காட்டிட்டா பாஸாகத்தான் செய்யும். அது படிப்பு இல்ல சார், மோசடி.”

அந்த அம்மாள் யாரையும் குத்திப் பேசவில்லை. கண்ணாடியைத் தேடிக்கொண்டே சொன்னார். ஆனால் நம்மவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் போர்டும், தட்டைப் பிடித்துக்கொண்டு பாடினவர்களும் வரிசையாகக் கண் முன்னால் வந்தார்கள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, எதிரே வந்த காரிலெல்லாம் தன் மாணவர்கள் இருப்பார்களோ என்று பயமாக இருந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகமும் சரியில்லை. மெல்லக் கேட்டதில் விஷயம் வந்தது. கடை முதலாளி பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கடை திறக்கிறார். அதை முழுசாக அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூப்பிடுகிறார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“அடி சக்கை! சரின்னு சொல்ல வேண்டியதுதானே?”

“வேண்டாம்னு சொல்லலாம்னு இருக்கேன். எனக்கு அந்தப் பக்கம் பிடிக்கலை.”

“அந்தப் பக்கம் எப்பப் போனே, பிடிக்காமப் போறதுக்கு?”

அவள் ஒரு சட்டையை மூன்றாவது முறையாக மடித்தாள். “பாலம் ரூட்டுல இல்லைங்க” என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் துணி தைக்கக் கொடுக்கிற கடை தபால் பெட்டிக்கு எதிரில். காய்கறி வாங்குவது சாய்ந்த கம்பத்துக்குப் பக்கத்தில். சொத்தைப் பல் ஒன்றுகூட இல்லாதவள் வருஷம் தவறாமல் அந்தப் பல் டாக்டரிடம் போய் வந்தாள். நெருங்கிய சிநேகிதி வேறு பேட்டைக்குக் குடிபோனபோது அந்தச் சிநேகமே நின்றுபோனது. லைசன்ஸ் வாங்கிய நாளிலிருந்து அவள் குண்டுச்சட்டிக்குள்தான் குதிரை ஓட்டியிருக்கிறாள். சட்டியைச் செய்து கொடுத்தவர் இவர்.

“நல்லாத்தானே ஓட்டறே நீ...”

“நான் எங்க ஓட்டறேன்? உங்க பாட்டு ஓட்டுது” என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது.

ஆசை இருக்கிறதா என்று கேட்டார். இல்லாமலா, தனியாக ஒரு கடையை நடத்துகிற ஆசை எத்தனை நாளாக இருக்கிறது என்றாள். அந்தக் கடைக்கு அவளை அனுப்பாமல் விடுவதில்லை என்று அவர் மனதுக்குள் சபதம் போட்டார். வகுப்பில் சொன்ன வைத்தியம் எல்லாம் கைவசம் இருக்கும்போது என்ன கவலை?

முதல் வைத்தியம், நெட்வொர்க்குக்குக் காட்டின படத்தையே இடம் வலமாகத் திருப்பிக் காட்டுவது. அதாவது, அதே ரூட்டைத் தலைகீழாக ஓட்டச் சொன்னார். முதல் நாள் அவள் திணறினாள். இரண்டாம் நாள் கண்ணாடிபோல ஓட்டினாள். அவருக்கு ஆனந்தம். உற்றுக் கேட்டால், அவள் பாட்டைக் கடைசி வரியிலிருந்து பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வைத்தியத்துக்கு டிராப்அவுட் என்று பெயர். நெட்வொர்க் ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் இருக்க, நடுநடுவே சிலதை மறைத்துவிட வேண்டும். அவர் நேரே பல் டாக்டரிடம் போனார்.

“டாக்டர், ஒரு வாரத்துக்கு உங்க போர்டைக் கழட்டி வைக்க முடியுமா?”

டாக்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். “பல்லுல வலியா, இல்ல வேற எங்கயாவதா?” என்று மிகவும் பரிவாகக் கேட்டார்.

வேறு வழியில்லாமல் வகுப்பு முடிந்ததும் பேராசிரியரைப் பிடித்தார். மனைவி என்று சொல்லாமல், ‘ஒரு மாடல்’ என்று சொல்லிக் கேட்டார். “சார், இருக்கிற டேட்டாவையே புரட்டிப் புரட்டிப் போட்டா எவ்வளவு நாளைக்கு? புது டேட்டாவைக் காட்டுங்க” என்றார் அவர். “உங்க மாடல் என்ன ஆர்க்கிடெக்சர், உள்ளமைப்பு எப்படி?” என்றும் கேட்டார். “கொஞ்சம் பிடிவாதம் மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

புது டேட்டா என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் புறப்பட்டார்கள். அவர் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தன் பெடல் மேல் வைத்துக்கொண்டார். “பயப்படாதே, நான் வழி சொல்றேன்” என்றார். பாலத்தைத் தாண்டுகிறவரை எல்லாம் சரியாக இருந்தது. தாண்டியதும்தான் ஒரு சங்கடமான உண்மை அவருக்குத் தெரியவந்தது. இத்தனை வருஷமாக அவரும் அந்த ரூட்டில்தான் போய் வந்திருக்கிறார். மாணவர்களோடு காலையில் சுற்றினார், மாலையில் சுற்றினார். மற்ற இடத்துக்கெல்லாம் பஸ். செக்குமாடு எத்தனை காதம் நடந்தாலும் ஊர் பார்த்ததாகுமா?

அதை ஒப்புக்கொள்ளலாமா? வாத்தியாராயிற்றே. “நேரா போ... போ... இங்க ஒடிச்சுக்கோ” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். திடீரென்று எதிரே ஒரு மஞ்சள் கேட் வந்தது. அவர் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“மஞ்ச கேட் வந்தாச்சா!”

“இடது பக்கம் இண்டிகேட்டர்!” என்று அவளும் பாடி, இண்டிகேட்டர் போட்டு, அழகாக இடது பக்கம் திரும்பினாள். ரூட்டில் அந்த இடத்தில் தெரு இருக்கும். இங்கே இருந்தது ஒரு சிமெண்ட் கிடங்கின் வாசல். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. நடுவில் மாட்டிக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து போய், ஒரு பெரிய இரும்புப் பலகை மேல் ஏறி நின்றார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் தலையைத் தூக்காமலே பட்டனை அழுத்தினான். காரையும் கணவனையும் மனைவியையும் சேர்த்து எடை போட்டு, சீட்டைக் கிழித்து நீட்டினான்.

“அடுத்தது லோடோட வரணும்” என்றான். பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான். “லாரி எங்க?”

நம்மவருக்குக் கைகால் ஓடவில்லை. “ரிவர்ஸ் எடு... இல்ல, எடுக்காதே... ஹார்ன் அடி... அடிக்காதே” என்று பிதற்றினார். அவர் கால் பிரேக்கை விட மறுத்தது. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. பின்னால் லாரிக்காரர் ஹார்னிலேயே கச்சேரி நடத்தினார்.

அவள் முதலில் பயந்தாள். பிறகு அந்தச் சீட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க இறங்குங்க” என்றாள்.

“என்னது?”

“இறங்குங்க. உங்க காலு பிரேக்கை விட மாட்டேங்குது.”

அவர் இறங்கி, சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் எடை போட்டவனிடம் ஏதோ கேட்டாள். அவன் கையை நீட்டிக் காட்டினான். அவள் இரும்புப் பலகையைவிட்டு மெல்ல இறங்கி, கிடங்கைச் சுற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே நுழைந்து, வேறொரு வாசல் வழியாக வெளியே வந்து நின்றாள். உதடு அசையவில்லை. அதை அவர் கவனித்தார். சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிமெண்ட் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

மாதக் கடைசியில் அவருக்குப் பரீட்சை. அதே நாளில் அவள் தனியாகப் புதுக் கடைக்குப் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. போய்ச் சேர்ந்தால் முதலாளியிடம் சரி என்று சொல்வாள், இல்லாவிட்டால் இல்லை. அவர் வகுப்பில் கற்றதை எல்லாம் அவளுக்குத்தான் உபதேசித்தாரே தவிர, தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஜெராக்ஸ் கடையில் பழைய கேள்வித்தாள்களை எல்லாம் வாங்கி, விடைகளைப் பாட்டாகக் கட்டி, தட்டைக்கூடக் கையில் பிடிக்காமல் உருப்போட்டிருந்தார். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்காதீர்கள். நாய் வாலை நிமிர்த்த முடியாது.

பரீட்சை மண்டபத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேள்வித்தாளைப் புரட்டினார். பழைய கேள்வி ஒன்றுகூட இல்லை. மஞ்சள் கேட் இல்லை, தபால் பெட்டி இல்லை. இவள் இந்நேரம் பாலத்தில் இருப்பாளா, எந்தக் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று வேறு மனது அடித்துக்கொண்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். அவள் அந்தப் பலகையிலிருந்து இறங்கினாளே, அது ஞாபகம் வந்தது. சரி, தெரிந்ததை எழுதுவோம் என்று பேனாவைத் திறந்தார்.

ஓவர்ஃபிட்டிங்கை ஓர் உதாரணத்தோடு விளக்கச் சொல்லி ஒரு கேள்வி. அவர் பாட்டை எழுதினார். போர்டை எழுதினார். இரும்புப் பலகையை எழுதினார். பாலத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கேட்டைப் பார்த்து இண்டிகேட்டர் போடச் சொன்ன மாடல் தான்தான் என்பதையும் மறைக்காமல் எழுதினார். மேற்பார்வைக்கு நடந்துகொண்டிருந்த பேராசிரியர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று சற்று நேரம் படித்தார். பிறகு வேகமாக ஜன்னல் பக்கம் போய், வெகுநேரம் இருமினார்.

வெளியே வந்து போனை வாங்கியதும் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாவது முறை எடுத்தாள்.

“எங்கம்மா இருக்கே?”

“கடையிலதான். ஓனர்கிட்டச் சரின்னு சொல்லிட்டேன். இப்பத்தான் ஷெல்ஃபுக்கு அளவு எடுத்துட்டு இருந்தேன்.”

அவர் பல்கலைக்கழக வாசல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எந்த வழியாப் போனே?”

“பாலத்துல ரிப்பேராம், மூடிட்டாங்க. வேற எங்கயோ சுத்தி வந்தேன்.”

“வேற எங்கயோன்னா? எந்தத் தெரு? எந்தத் திருப்பம்?”

“அது தெரியலைங்க. எப்படி வந்தேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா வந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “பரீட்சை எப்படி?” என்றாள்.

“நூத்துக்கு நூறு வராது.”

“அப்போ நீங்களே எழுதியிருக்கீங்க” என்றாள். “அங்கயே நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நீங்களா கிளம்பினா வழி தெரியாம எங்கயாவது போயிடுவீங்க.”

அவர் நின்றார். தெருவின் இந்த முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அந்த முனையிலிருந்து வந்தாள். ஏறி உட்கார்ந்தார். காலைப் பெடலில் வைக்காமல், சீட்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டார். அவர் பார்த்தே இராத தெருக்கள் வந்தன, போயின. ஒரு திருப்பத்தில், பள்ளிக்கூடமோ என்னவோ, பளிச்சென்று ஒரு மஞ்சள் கேட் தெரிந்தது. அவருக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போனாள்.